தங்க மீனுக்கு உடம்பு சரியில்லையா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்!

வீட்டோடு ஒரு ஜீவன்

சென்ற இதழில் பூனைக்குட்டியைப் பற்றி எழுதியதும் சகோதரிகள் சிலர் கடிதம் போட்டிருந்தார்கள். அதில் ஒரு கடிதம் என் மனசைத் தைத்துவிட்டது. "என் பெண்ணின் பிறந்த நாளுக்கு இரண்டு தங்க மீன் வாங்கிக் கொடுத்தோம். அதில் ஒன்று மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. தொட்டி மூலையில் துடுப்பை மடக்கிக்கொண்டு அப்படியே நிற்கிறது. மனுஷருக்கு என்றால் டாக்டரிடம் ஓடலாம். மீனுக்கு எங்கே போவது? வீட்டில் சொன்னால், ஒரு மீனுக்காக இவ்வளவு கவலையா என்று சிரிக்கிறார்கள்" என்று எழுதியிருந்தார்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் சகோதரி! பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டியிடம் ஓடுகிற குழந்தைக்கு அந்த மீனின் விலையா தெரியும்? அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டியது நாம்தானே. அதனால் இந்த முறை தங்க மீனுக்கு வரும் நோய்களைப் பற்றி எழுதுகிறேன். நான் படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம். பட்டுத் தெரிந்துகொண்டது அதிகம்.

நான் செய்த கொலை

கொலை என்றுதான் சொல்ல வேண்டும். 2020ல் ஊரடங்கு தளர்ந்த சமயம். வீட்டிலேயே அடைந்து கிடக்கிறானே என்று என் சின்ன மகனுக்கு இவர் ஓர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணமும் இரண்டு மீனும் வாங்கி வந்தார். எட்டு வயசுப் பையன். மீனுக்குப் பெயர் வைத்து, நேரத்துக்கு ஆகாரம் போட்டு, ஒரே கொண்டாட்டம்.

மூன்றாவது வாரம், "அம்மா, மீன் ரெண்டும் மேலேயே நின்னு வாயை வாயைத் திறக்குதும்மா" என்றான். பார்த்தேன். தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. அன்று ஆயுத பூஜைக்கு முதல் நாள். வீடு பூராவும் துடைத்து மெழுகிக்கொண்டிருந்த சுறுசுறுப்பில், மீன் கிண்ணத்தையும் விடுவானேன் என்று தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, கூழாங்கற்களைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரை நேரே பிடித்து நிரப்பி, மீனை விட்டேன். கிண்ணம் பளபளவென்று இருந்தது. எனக்கே பெருமை!

மறுநாள் காலையில் இரண்டும் பக்கவாட்டில் மிதந்தன.

"அழுக்கா இருக்குன்னுதானேம்மா கழுவினே? அப்புறம் ஏம்மா செத்துப் போச்சு?" என்று கேட்டான் பிள்ளை. எனக்குப் பதில் தெரியவில்லை. பூஜைக்குப் பொரி கடலை எடுத்து வைக்கக்கூடக் கை வரவில்லை.

பெரியவர் சொன்ன பாடம்

பதில் கிடைத்தது பல மாதங்கள் கழித்துத்தான். சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் போயிருக்கிறீர்களா? அலங்கார மீன் வளர்ப்பதையே குடும்பத் தொழிலாகக் கொண்டவர்கள் அங்கே நிறையப் பேர். ஒரு பண்ணையில் இருந்த பெரியவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஏம்மா, மீன் தண்ணியைக் குடிக்கிறது மட்டுமில்லே. அதிலேயேதான் மூச்சு விடுது, அதிலேயேதான் கழியுது. உங்களை ஒரு சின்ன ரூமிலே பூட்டி வச்சு, அங்கேயே சாப்பிட்டு அங்கேயே எல்லாம் பண்ணுங்கன்னா என்ன ஆகும்? மீனுக்கு மருந்து கேட்டு வர்றவங்க பத்துப் பேர்ல பெரும்பாலானவங்களுக்கு நான் தண்ணிக்குத்தான் வைத்தியம் சொல்லி அனுப்புவேன்" என்றார்.

அன்றைக்கு அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கைக்குழந்தையின் மூத்திரத் துணியை அலசாமல் மூலையில் போட்டு வைத்தால் கண்ணைக் கரிக்கிற மாதிரி ஒரு நெடி வருமே, அதுதான் அம்மோனியா. மீன் இந்த அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே தண்ணீரில் விடுகிறது. தின்னாமல் அழுகும் ஆகாரத்திலிருந்தும் அதுவே வருகிறது. அளவு கூடினால் செவுளும் தோலும் வெந்து போகும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும்போதும் அம்மோனியா இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது.

இதற்கு இயற்கை ஒரு வழி வைத்திருக்கிறது. தொட்டியின் ஃபில்ட்டர் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் ஒருவகை நல்ல பாக்டீரியா குடியேறும். அது அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும்.

பால் தயிராக உறை மோர் வேண்டும் அல்லவா? மீன் தொட்டிக்கு இந்த பாக்டீரியாதான் உறை மோர். ஆனால் தயிர் ஓர் இரவில் உறையும். தொட்டி உறைய நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியில் வாங்கிய மீன்கள் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் சாகிறதே, அதன் காரணம் இதுதான். நானோ இன்னும் ஒரு படி மேலே போய், கொஞ்ச நஞ்சம் பிடித்திருந்த உறை மோரையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் மீனைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்!

தினமும் இரண்டு நிமிஷம்

குழந்தை சோர்ந்திருந்தால் தாய்க்குத் தெரிகிற மாதிரி, மீனுக்கு நோய் வருவதும் பார்த்துப் பழகினால் தெரியும். காலையில் ஆகாரம் போடும்போது இரண்டு நிமிஷம் நின்று பாருங்கள்.

நல்ல மீன் நம் நிழலைப் பார்த்ததும் ஆவலாக ஓடி வரும். துடுப்புகள் விரிந்திருக்கும். செதில் படிந்து பளிச்சென்று இருக்கும். இரண்டு செவுளும் ஒரே சீராக மூடித் திறக்கும்.

நோய் ஆரம்பிக்கும்போது ஆகாரத்தைக் கண்டும் வராது. அல்லது வாயில் வாங்கித் துப்பிவிடும். முதுகுத் துடுப்பு மடிந்திருக்கும். அடியில் உட்கார்ந்துவிடும். கல்லிலும் கண்ணாடியிலும் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும். வேகமாக மூச்சு விடும்.

நோய் இல்லாததை நோய் என்று நினைத்துப் பயப்படவும் வேண்டாம். சின்ன மீன் வளரும்போது நிறம் மாறுவது சகஜம். ஆரஞ்சு மீன் வெள்ளையாகக்கூட மாறும். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அசையாமல் நின்றால் அது தூங்குகிறது.

ஏதோ சரியில்லை என்று தோன்றினால், மருந்து பாட்டிலைத் தொடாதீர்கள். முதல் வேலையாகத் தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, பக்குவப்படுத்திய தண்ணீரை ஊற்றுங்கள். ஒரு நாள் ஆகாரத்தை நிறுத்துங்கள். பெரிய மீனுக்கு ஒரு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது. பாதி நோய் இதிலேயே தெளிந்துவிடும்.

பக்குவப்படுத்துவது என்றால்? குழாய்த் தண்ணீரை அகலமான பக்கெட்டில் பிடித்து 24 மணி நேரம் திறந்து வைத்தால் சாதாரண குளோரின் பறந்துவிடும். ஏர் பம்ப்பின் குழாயைப் போட்டு வைத்தால் இன்னும் நல்லது. சில ஊர்களில் குளோரினோடு அம்மோனியாவும் சேர்த்த குளோராமின் போடுவார்கள். அது தானாகப் பறக்காது. அதற்கும், அவசரத்துக்கும், மீன் கடையில் குளோரின் எடுக்கும் சொட்டு மருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லாரித் தண்ணீரிலும் குளோரின் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

மீன் கடைகளில் அம்மோனியா சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டியும் கிடைக்கிறது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் மாதிரி. குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துச் சொட்டுவிட்டு, நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

மேலே வந்து வாயைத் திறந்தால்

இது அவசரம். தண்ணீரில் பிராண வாயு போதவில்லை, அல்லது அம்மோனியாவோ நைட்ரைட்டோ செவுளைத் தாக்கியிருக்கிறது. கோடைக்காலத்தில் இது அதிகம். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் பிராண வாயு குறையும். அம்மோனியாவின் விஷமும் ஏறும். கரண்ட் போய் பம்ப் நின்றாலும் இதே கதிதான்.

உடனே தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். கரண்ட் இல்லாவிட்டால், டீ ஆற்றுவது போல ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரை மோந்து ஒரு சாண் உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். காற்று கலந்து மீன் தெளியும். சூடு தணிக்க வேண்டுமானால் ஐஸ் கட்டியை நேரே போடக் கூடாது. ஜன்னல் வெயிலை மறைத்து, மூடியைத் திறந்து, ஃபேன் காற்று படச் செய்தால் போதும்.

வெள்ளைப் புள்ளி

வாலிலும் உடம்பிலும் ரவையைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வந்தால், அது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணியின் வேலை. இது எங்கள் வீட்டுக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

பெரியவரிடம் பாடம் கேட்ட பிறகு 2021ல் இரண்டடித் தொட்டி வாங்கி, அவரிடமே ஒரு பழைய ஸ்பாஞ்ச் துண்டை உறை மோராக வாங்கிப் போட்டு, இரண்டு மீன் வளர்த்தோம். ஒரு வருஷம் நன்றாகப் போயிற்று. மகன் ஆசைப்பட்டான் என்று 2022ல் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் மூன்றாவதாக ஒன்றை வாங்கி நேரே தொட்டியில் விட்டோம். நாலாம் நாள் அதன் வாலில் ரவை ரவையாகப் புள்ளி. ஆறாம் நாள் பழைய மீன்களுக்கும் வந்துவிட்டது.

கடைக்காரர் நீல மருந்து ஒன்று, பச்சை மருந்து ஒன்று, மஞ்சள் காப்ஸ்யூல் நாலு கொடுத்தார். எது எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, பதற்றத்தில் நானும் கேட்கவில்லை. மூன்றையும் போட்டேன். ஒரு மணி நேரத்தில் மீன்கள் சாய்ந்துவிட்டன. கொளத்தூர்ப் பெரியவருக்குப் போன் செய்தேன். "பாதித் தண்ணியை எடுத்துடுங்கம்மா. சாயங்காலம் இன்னொரு தடவை மாத்துங்க. நாளைக்குக் கல்லுப்பு ஆரம்பிக்கலாம். ரெண்டு வாரம் பொறுமையா இருக்கணும்" என்றார்.

ஏன் இரண்டு வாரம்? அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் புதைந்திருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்ததும் உதிர்ந்து தொட்டியின் அடியில் விழும். அங்கே ஒன்று நூறாகப் பிரியும். குஞ்சுகள் நீந்திப் போய் மறுபடி மீனைப் பிடிக்கும். அப்படி நீந்துகிற கொஞ்ச நேரத்தில்தான் உப்போ மருந்தோ அவற்றைக் கொல்ல முடியும். நம் ஊர்ச் சூட்டில் இந்தச் சுற்று சில நாளில் முடியும். ஊட்டி மாதிரி குளிர்ந்த ஊரில் வாரக்கணக்கில் இழுக்கும். மூன்றாம் நாள் புள்ளி மறைந்ததும் 'சரியாகிவிட்டது' என்று நிறுத்தினால், அடுத்த வாரம் பல மடங்காகத் திரும்பி வரும்.

*உப்புக் கணக்கு:* தொட்டியின் நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, ஆயிரத்தால் வகுங்கள். அதுதான் லிட்டர். எங்கள் தொட்டி 60 x 30 x 25. அதாவது 45 லிட்டர். லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் முதல் நாள் 45 கிராம் கல்லுப்பு. இரண்டாம் நாள் இன்னொரு 45, மூன்றாம் நாள் இன்னொரு 45. மூன்று நாளில் லிட்டருக்கு மூன்று கிராம் ஆகிவிடும். அதோடு நிறுத்திவிட வேண்டும். ஸ்பூன் கணக்கு வேண்டாம். கல்லுப்பு பொடியாகவும் பெரிதாகவும் இருக்கும். தராசில் நிறுத்துப் போடுங்கள். தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, மீன் இல்லாத பக்கம் மெதுவாக ஊற்றுங்கள்.

குழம்பு சுண்டினால் உப்புக் கரிக்கும் அல்லவா? தொட்டியிலும் அப்படித்தான். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்புக் குறையாது. எனவே வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்புங்கள். ஆனால் 15 லிட்டர் எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றினால், அந்த 15 லிட்டருக்கு உள்ள 45 கிராமைச் சேர்க்க வேண்டும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் உப்பு இருக்கட்டும். பிறகு தண்ணீர் மாற்ற மாற்றத் தானே குறைந்துவிடும். தொட்டியில் செடியும் நத்தையும் இருந்தால் முன்பே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். உப்பு அவற்றுக்கு ஆகாது. அந்தப் பாத்திரத்தில் மீன் வேண்டாம்.

ஐந்தாறு நாளாகியும் புள்ளிகள் கூடிக்கொண்டே போனால், வெள்ளைப் புள்ளிக்கு என்றே விற்கும் மருந்தை வாங்கி, லேபிளில் போட்டிருக்கும் அளவுப்படி ஊற்றுங்கள்.

எங்கள் புது மீன் மூன்றாம் நாள் இறந்துவிட்டது. பழைய மீன்கள் இரண்டும் பிழைத்தன. இன்றும் இருக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. ஆண் தங்க மீனுக்கு முட்டையிடும் பருவத்தில் செவுள் மூடியின் மேலும் மார்புத் துடுப்பின் முன் விளிம்பிலும் மட்டும் வரிசையாக வெள்ளைப் பொட்டுகள் வரும். அது நோய் இல்லை. பையன்களுக்கு மீசை அரும்புவது மாதிரி! வாலிலும் முதுகிலும் இல்லாமல், மீன் துள்ளித் திரிந்தால் உப்பைத் தொடாதீர்கள்.

வால் நைந்தால், பஞ்சு படர்ந்தால்

வால் ஓரம் வெளுத்து, பழைய புடவைத் தலைப்பு மாதிரி கிழிந்துகொண்டே வந்தால் அது வால் அழுகல். பாக்டீரியாவால் வருவது. வெள்ளைப் பஞ்சு ஒட்டின மாதிரி இருந்தால் பூஞ்சைக் காளான். இரண்டுமே பெரும்பாலும் நலிந்த மீனையும் காயம் பட்ட இடத்தையும்தான் பிடிக்கும். தொட்டியில் கூர்மையான பொம்மை, பிளாஸ்டிக் செடி இருந்தால் எடுத்துவிடுங்கள். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றி, மேலே சொன்ன உப்பை ஒரு வாரம், பத்து நாள் வைத்தால் ஆரம்ப நிலையில் தேறிவிடும். ஓரத்தில் கண்ணாடி மாதிரி புதுத் தசை வளர்வது தெரியும். கிழிசல் உடம்பு வரை போய்விட்டால் கை வைத்தியம் போதாது.

நூல் மாதிரி ஏதாவது தொங்கினாலோ, தட்டையான பச்சைப் பூச்சி உடம்பில் ஒட்டி நகர்ந்தாலோ, அவை கண்ணுக்குத் தெரிகிற ஒட்டுண்ணிகள். இவற்றுக்கு இந்த உப்பு போதாது. விஷயம் தெரிந்தவரிடம் காட்டி மருந்து கேளுங்கள்.

தலைகீழாக மிதந்தால்

உருண்டை வயிற்று மீன்களுக்கு இது அடிக்கடி வரும். நம் ஆசைக்காக உடம்பைக் குட்டையாக்கி வளர்த்த ஜாதி. உள்ளே குடலும் காற்றுப் பையும் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. காய்ந்த ஆகாரத்தை மேலே வந்து காற்றோடு விழுங்கினால் மலச்சிக்கல் மாதிரி ஆகி, நிலை தடுமாறிவிடும்.

இரண்டு மூன்று நாள் ஆகாரம் போடாதீர்கள். பிறகு ஒரு பச்சைப் பட்டாணியை உப்பில்லாமல் வேகவைத்து, தோலை உரித்து, நசுக்கி ஒரு துணுக்குக் கொடுங்கள். பல மீன்கள் இதில் நேராகிவிடும். அதன் பிறகு ஆகாரக் குருணையைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்தே போடுங்கள். எப்போதுமே இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை போதும். 'பாவம், பசிக்கும்' என்று ஆளாளுக்கு ஒரு சிட்டிகை போடுகிற வீடுகளில்தான் மீன் சீக்கிரம் சாகிறது. எங்கள் வீட்டில் தினமும் காலையில் அன்றைய ஆகாரத்தைச் சின்ன டப்பியில் எடுத்து வைத்துவிடுகிறேன். டப்பி காலி என்றால் மீன் சாப்பிட்டாயிற்று!

செதில் நிமிர்ந்தால்

வயிறு ஊதி, செதில்கள் எல்லாம் பலாப்பழ முள் மாதிரி நிமிர்ந்து நின்றால், உள்ளுறுப்புகள் பழுதாகி உடம்பில் நீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. இந்த நிலைக்கு வந்த மீன் தேறுவது அபூர்வம். கால்நடை டாக்டர்களில் மீன் பார்ப்பவர்களும் சிலர் இருக்கிறார்கள். போனில் கேட்டுக்கொண்டு போங்கள். வைத்தியம் இல்லை என்றால் வலி தெரியாமல் முடித்துவைக்க அவரால் முடியும். உயிரோடு கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது மகா பாவம். ஏரியிலோ கோயில் குளத்திலோ கொண்டு விடவும் வேண்டாம். நம் மீனின் நோய் அங்கே இருக்கிற மீன்களுக்கும் பரவும்.

கடை மருந்தும் நம் கையும்

இளம் தாய்மார்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். பச்சை நிற மருந்துகள் பலவற்றில் மாலக்கைட் கிரீன் என்ற சாயம் இருக்கிறது. அது நம் உடம்புக்கு நல்லதல்ல. கர்ப்பமாக இருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். மற்றவர்களும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நீல மருந்தான மெத்திலீன் புளூ, நாம் பாடுபட்டு வளர்த்த உறை மோர் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அதைத் தனிப் பாத்திரத்தில் வைத்துத்தான் உபயோகிக்க வேண்டும். வீட்டில் மிச்சம் இருக்கிற டெட்ராசைக்ளின் காப்ஸ்யூலை உடைத்துப் போடும் பழக்கமும் கூடாது. கண்டபடி போட்டால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும். நாளை நம் பிள்ளைகளுக்கே அந்த மருந்து பலிக்காமல் போகலாம்.

தொட்டித் தண்ணீரை டியூபில் வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். டியூப் முழுவதும் தண்ணீரை நிரப்பி, இரண்டு முனையையும் விரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டியிலும் மறு முனையைக் கீழே பக்கெட்டிலும் விட்டால் தானே இறங்கும். சமையலறைத் தொட்டியில் அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். பூச்செடிக்கு ஊற்றுங்கள், நன்றாகப் பூக்கும். (உப்போ மருந்தோ போட்ட தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.) கையில் வெட்டுக் காயம் இருந்தால் தொட்டிக்குள் கைவிடக் கூடாது. மீன் தொட்டியில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்தக் காயத்தின் வழியே புகுந்து, மாதக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்கும். அப்படிப் புண் வந்தால், வீட்டில் மீன் தொட்டி இருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். குழந்தைகள் ஆகாரம் போட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

வராமல் தடுக்க

1. உருண்டைக் கிண்ணம் வேண்டவே வேண்டாம். இரண்டு சின்ன மீனுக்கு இரண்டடித் தொட்டி ஆரம்பம்தான். மீன் வளர வளரப் பெரிசு தேவைப்படும்.

2. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். ஒருபோதும் முழுவதையும் மாற்றாதீர்கள்.

3. ஃபில்ட்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு அலசு அலசிப் பிழிந்தால் போதும். சோப்பு கிட்டேயே வரக் கூடாது.

4. புது மீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள். அதற்கு என்று வலையும் பக்கெட்டும் தனியாக இருக்கட்டும்.

5. கடையில் ஒரு மீன் செத்து மிதந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து வாங்காதீர்கள்.

இதெல்லாம் ஒரு மீனுக்காகவா என்று யாராவது கேட்டால், இங்கிலாந்தில் 1956ல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த தங்க மீன் 43 வருஷம் வாழ்ந்து 1999ல்தான் இறந்தது என்று சொல்லுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து, பதினைந்து வருஷம் தங்க மீனுக்குப் பெரிய விஷயமே இல்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: இதழ் கைக்கு வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவே பதில் போட்டுவிட்டேன். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, ஆகாரத்தை ஒரு நாள் நிறுத்தி, அம்மோனியாவைச் சோதித்துப் பாருங்கள். தண்ணீர் மாற்றும்போது பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீன் பிழைத்தால் அவளும் சேர்ந்து பிழைக்க வைத்தது. பிழைக்காவிட்டாலும், அது ஏன் போயிற்று என்று சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்கும்.

என் மகனுக்கு அந்தப் பதிலைச் சொல்ல எனக்குப் பல மாதங்கள் ஆயின. சொன்ன அன்று அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்போ இந்த ஸ்பாஞ்சை நானே அலசறேன், நீ தொடாதேம்மா" என்றான். இன்றுவரை அது அவன் வேலைதான்!